‘இல்ல சார்’ என்றால் என்ன அர்த்தம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தர முடியுமா என்று, எங்கள் பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் பிரவீன் கேட்டபோது, அவன் என்ன எதிர்பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஒரகடத்தில் ஆறு வழிச் சாலை வருவதற்கு முன் எப்படி இருந்தது, எங்கள் ஆலைக்கு முதல் கம்ப்யூட்டர் எப்படி வந்து இறங்கியது, அன்றைக்கு என்னவெல்லாம் கூத்து நடந்தது. அந்தக் கதைகளை வாசல் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி என்னைவிடச் சுவையாகச் சொல்வார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரே ஒரு விஷயத்தை எழுதப் போகிறேன். படித்து முடித்ததும் உங்களுக்கு வேலையில் உற்சாகம் பொங்காது. அதற்காக என்னிடம் வருத்தப்படாதீர்கள்.

பிரேக் பாகங்கள் செய்யும் ஆலை எங்களுடையது. மென்பொருள் பிரிவு என்று கதவில் பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே ஏசி தண்ணீர் ஒழுகும், அதற்குக் கீழே ஒரு வாளி இருக்கும், வாளிக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். என் வேலை என்ன என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாமல் இருபது வருடம் ஓட்டினேன். உங்களிடம் சொல்லலாம். வேறு வேறு மொழிகளில், வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காலத்தில் எழுதிய நிரல்களை ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் என் வேலை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் சி மொழியில் எழுதியது ஒன்று ஓடும். நடுவில் பைத்தானில் ஒன்று. மேலே மேலாளர்கள் பார்க்கும் அறிக்கையைத் தருவதற்கு ஜாவாவில் ஒன்று. மூன்றும் தனித்தனியே தங்கமான பிள்ளைகள். ஒன்றாக உட்கார வைத்தால்தான் வம்பு.

கல்லூரியில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். தகவல் கெடுவது பெரும்பாலும் நிரலுக்குள் இல்லை, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் வாசற்படியில். அதிலும் எல்லாவற்றையும்விட அதிகம் கெடுவது ‘இல்லை’ என்கிற சொல். ஒரு நிரலுக்குப் பூஜ்யம் என்றால் பூஜ்யம், இன்னொன்றுக்குப் பூஜ்யம் என்றால் இல்லை. ஒன்றுக்கு வெறும் கட்டம் என்றால் இன்னும் தெரியவில்லை, இன்னொன்றுக்கு அதே வெறும் கட்டம் என்றால் நடக்கவே இல்லை. தெரியவில்லை என்பதற்கும் நடக்கவில்லை என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது எனக்கு ஒரு மழைநாளில் தெரியவந்தது.

சி மொழி நிரல் நான் எழுதியது. பரிசோதனை மேஜைக்கு ஒவ்வொரு பாகமாக வரும். பரிசோதிப்பவர் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, அளவுகோலில் பொருத்திப் பார்த்து, ஒரு பட்டனை அழுத்துவார். பச்சை விளக்கு எரியும். பாகத்தின் எண், நேரம், பரிசோதித்தவர் யார் என்று என் நிரல் கோப்பில் ஒரு வரி எழுதும். யார் என்பதற்கு இரண்டே எழுத்துதான் இடம் விட்டிருந்தேன். நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே. அப்பா பெயரின் முதல் ஆங்கில எழுத்து, தன் பெயரின் முதல் ஆங்கில எழுத்து. ஒரு மேஜைக்கு ஏழெட்டுப் பேர், போதாதா என்று நினைத்தேன். பிறகு பீகாரிலிருந்து வந்த குமார்கள் எல்லோரும் அந்த இரண்டு எழுத்துக்குள் வந்து முட்டிக்கொண்டார்கள். அப்போதும் மாற்றாமல் ஏதோ ஒட்டுப் போட்டுச் சமாளித்தேன். இடத்தை மிச்சம் பிடித்ததில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த மேஜையில் வேலை பார்த்தவள் அமலா. பென்னலூர்ப் பெண். அப்பா பெயர் நத்தானியேல். ஆகவே கோப்பில் அவள் என்.ஏ. மூன்று வருடம் ஒப்பந்தத்தில் வேலை செய்தவள், அந்த மாதம் நிரந்தரம் ஆகப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. பட்டியல் இன்னும் ஒட்டப்படவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கேன்டீனில் என்னைப் பார்த்தால், “சார், பர்மனென்ட் ஆனா எனக்கும் உங்கள மாதிரி நீலக் கயிறு போட்ட கார்டு தருவாங்களா?” என்று கேட்பாள். ஒப்பந்தக்காரர்களுக்குச் சிவப்புக் கயிறு. ஒருமுறை, “இதையே எடுத்துக்கோ, எனக்கு கழுத்து அரிக்குது,” என்றேன். அப்படிச் சிரித்தாள்.

அந்த வருடம் எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை போட்டார். எந்தப் பாகத்தின் எண்ணைக் கொடுத்தாலும் அதன் முழு வரலாறும் திரையில் வரவேண்டும். அதற்காகத்தான் பிரவீன் பைத்தானில் ஒரு நிரல் எழுதினான். என் பழைய கோப்புகளைப் படித்து, ஒழுங்குபடுத்தி, ஜாவாவில் எழுதிய அறிக்கை நிரலுக்குத் தரும். ஒரு வாரம், அன்றன்றைக்கு வரும் வரிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தோம். ஒரு பிழை இல்லை. கூட்டத்தில் எங்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். அந்த ஒரு வாரம் அமலா தன் அக்கா கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தாள் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. எதற்காக யோசிக்கப் போகிறோம்?

மழைக்காலம். செம்பரம்பாக்கம் ஏரியில் மதகு திறப்பார்களா மாட்டார்களா என்பதுதான் கம்பெனி பஸ்ஸில் பேச்சு. அன்று காலை வாடிக்கையாளரிடமிருந்து தகவல் வந்தது. சில வண்டிகளில் பிரேக் எண்ணெய் கசிகிறது, எல்லாம் ஒரே தொகுப்பில் வந்த நம் பாகங்கள், பகல் இரண்டு மணிக்கு அவர்கள் குழு நேரில் வருகிறது. பதினோரு மணிக்கு அந்தத் தொகுப்பின் அறிக்கையை எடுத்தோம். பாதி வரிகள் ஒழுங்காக இருந்தன. மீதிப் பாதியில் பரிசோதித்தவர் பெயர் இருக்கவேண்டிய கட்டம் காலி. பக்கத்தில், ‘பரிசோதனை நடைபெறவில்லை’. காலியாக இருந்தவை அத்தனையும் காலை ஷிப்டில் செய்தவை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். காலை ஷிப்டில் அந்த மேஜையில் அமலா.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு ஆள் வேலையில் ஏமாற்றினால் அது எப்படி இருக்கும்? நாலு பார்ப்பார், இரண்டை விடுவார், சாப்பாட்டு நேரம் நெருங்கினால் பத்தை விடுவார். அதில் ஒரு தாறுமாறு இருக்கும். அந்த அறிக்கையில் தாறுமாறே இல்லை. அவள் மேஜையில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து எழுந்த நிமிடம் வரை ஒன்றுகூட மிச்சமில்லாமல் காலி. மனிதர்களால் இவ்வளவு சுத்தமாகத் தப்பு செய்ய முடியாது. இப்போது எழுதும்போது எனக்கு இது பளிச்சென்று தெரிகிறது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது.

பிரவீனுக்கும் உறுத்தியிருக்கிறது. வராந்தாவில் என்னை நிறுத்தினான்.

“சார், மேஜை மெஷின்ல ஒரிஜினல் ஃபைல் இருக்கும். ஒரு தடவ திறந்து பாத்துடலாமா? பத்து நிமிஷந்தான் ஆவும்.”

“ரெண்டு மணிக்கு அவங்க வந்து நிப்பாங்க. அதுக்குள்ள இருபது ஸ்லைடு பண்ணணும். ரிப்போர்ட் பக்காவா இருக்குன்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன் சார்.”

“அப்புறம் என்ன?”

அவன் போய்விட்டான். நேரமில்லை என்று நான் சொன்னது பொய். பத்து நிமிடம் எல்லோருக்கும் உண்டு. கைதட்டு வாங்கிய சிஸ்டம் வாடிக்கையாளர் முன்னால் தவறு என்று ஆகிவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற பயம்தான் உண்மை. பயத்தில் இருப்பவனுக்குச் சரிபார்ப்பது பிடிக்காது. இதை மட்டும் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு அமலாவைக் கூப்பிட்டார்கள். அறையில் தரப்பிரிவுத் தலைவர், நான், அவள், மூன்றே பேர். தலைவர் வடக்கிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர். ‘வணக்கம்’, ‘சாப்டாச்சா’ இரண்டும் அழகாகச் சொல்வார், அதற்கு மேல் தமிழ் கிடையாது. அவளுக்கு லைனில் புழங்கும் ஆங்கிலம்தான் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் பேச என்னை உட்கார வைத்தார்கள். என் தொழிலே அதுதானே.

அவர் ஆங்கிலத்தில், இந்தப் பாகங்களை நீ பரிசோதிக்கவில்லையா என்று கேட்டார். நான் அதை அப்படியே தமிழில் கேட்டேன்.

“இந்த பீஸெல்லாம் நீ செக் பண்ணலையாம்மா?”

“இல்ல சார்,” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

“நோ சார்,” என்றேன்.

அவர் குனிந்து நோட்டில் எழுதினார்.

ஒரு நொடிதான். நீங்களும் தமிழ் பேசுகிறவர்கள். ‘நீ பண்ணலையா’ என்று கேட்டால், பதறிப்போய் ‘இல்ல சார்’ என்று தலையை ஆட்டுகிறவள் என்ன சொல்ல வருகிறாள்? அப்படியெல்லாம் இல்லை, நீங்கள் சொல்வது தப்பு, நான் பண்ணினேன் என்கிறாள். அந்த ‘இல்ல’ வாயைத் திறப்பதற்கு நாம் போட்டுக்கொள்கிற முதல் சொல். அதை நான் எடுத்து ‘நோ’ என்று வைத்ததும் அது வேறு ஒன்றாக ஆகிவிட்டது. ‘பரிசோதிக்கவில்லையா?’ ‘நோ.’ ஆங்கிலத்தில் அதற்கு ஒரே அர்த்தம். பரிசோதிக்கவில்லை. சொல்லுக்குச் சொல் நான் செய்தது சரி. அந்தச் சரியில்தான் எல்லாம் போயிற்று.

அவள் மேலே பேசிக்கொண்டே போனாள். “இன்னா சார் இது? நா ஒன்னொன்னா பாத்து பட்டன் அமுக்கிகினு தான இருந்தேன். பச்ச லைட்டு எரிஞ்சத பாத்துட்டு தான் ட்ரேல வெப்பேன். லைன்ல யார வேணா கேளுங்க.”

என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார். பட்டனை அழுத்தியதாகச் சொல்கிறாள் என்றேன். அவர் திரையில் இருந்த காலிக் கட்டங்களைச் சுட்டிக்காட்டி, அப்படியானால் எங்கே என்று கேட்டார். முதலில் இல்லை என்றாள், இப்போது மாற்றிப் பேசுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் நான் அவர் இடத்தில் இல்லை. என் இடத்தில் இருந்தேன். ‘சார், அந்த நோ-வை நான் சரியாகச் சொல்லவில்லை’ என்று ஒரு வரி போதும். அந்த வரி என் வாய்வரை வந்தது. கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டியது.

“சிஸ்டத்துல இல்லையேம்மா,” என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “நீங்க தான சார் அந்த சிஸ்டத்த செஞ்சீங்க? ஒரு தபா நல்லா பாருங்க சார்.”

நான் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு வந்தவர்களிடம் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, பரிசோதகர் ஒப்புக்கொண்டு பிறகு மாற்றிப் பேசினார், நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று ஸ்லைடு போட்டோம். ஸ்லைடைச் செய்தவன் நான். சிவப்புக் கயிற்றைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவளை வெளியே அனுப்பியிருந்தார்கள். கம்பெனி பஸ் மூன்றரைக்குத்தான் புறப்படும், கார்டு இல்லாதவளை அதில் ஏற்றமாட்டார்கள். மழையில் மெயின் ரோடுவரை நடந்து போனாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுப் பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு போனாள்.

ஆறு வாரம் கழித்து அந்த மேஜைக்கு ஒரு புது ஆள் வந்தார். நடராஜன் மகன் ஆறுமுகம். அவர் வேலைக்கு வந்த முதல் நாளே பிரவீன் என் மேஜைக்கு வந்து நின்றான். கையில் அன்றைய அறிக்கை.

“சார், இவருக்கும் காலியா வருது.”

“யாருக்கு?”

“ஆறுமுகத்துக்கு. என் ஏ சார். இவரும் என் ஏ.”

உடனே எனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். புரியவில்லை. இரண்டு பேரும் மேஜைக்குப் போய் மூலக் கோப்பைத் திறந்தோம். ஒவ்வொரு வரியிலும் என்.ஏ. என்று தெளிவாக எழுதியிருந்தது. பைத்தானில் அட்டவணையைப் படிப்பதற்கு எல்லோரும் எடுத்தாளும், நூலகம் என்று சொல்கிற ஒரு ஆயத்த நிரல் தொகுப்பு இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். ‘நாட் அவைலபிள்’ என்பதைச் சுருக்கி என்.ஏ. என்று எழுதுவது உலக வழக்கம். ஆகவே அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும், தகவல் கிடைக்கவில்லை என்று தானே முடிவு செய்து, அது கட்டத்தைக் காலியாக்கிவிடும். உதவி செய்வதாக அதற்கு நினைப்பு. காலிக் கட்டம் ஜாவாவுக்குப் போகும். பெயர் இல்லை என்றால் பரிசோதனை நடக்கவில்லை என்று அங்கே விதி. அந்த விதியைச் சொல்லி எழுதச் சொன்னவன் நான். இரண்டு எழுத்துக்கு மேல் இடம் தராதவனும் நான். என் நிரல் அவளை எழுதியது, பிரவீனின் நிரல் அவளை அழித்தது, மூன்றாவது நிரல் அவள் மேல் குற்றம் சொன்னது. மூன்றிலும் பிழை என்று ஒன்றைக் காட்ட முடியாது.

கோப்பில் மேலே போய்ப் பழைய நாட்களைப் பார்த்தேன். அவள் அழுத்திய ஒவ்வொரு பட்டனும் இருந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவசரமே இல்லாமல். ஓரிடத்தில் மட்டும் நாலு நிமிட இடைவெளி. தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள். பிரவீன் அழுதான். அவனைத் தேற்றக்கூட எனக்குத் தகுதி இருந்ததாகத் தெரியவில்லை. பத்து நிமிடம் கேட்டவன் அவன்.

திருத்துவதற்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. எண்ணெய்க் கசிவுக்குக் காரணம் வெளியிலிருந்து வாங்கிய ரப்பர் வளையம் என்றும் அதற்குள் தெரிந்துவிட்டது, பரிசோதனைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பினேன். ‘இல்ல’ என்றதற்கு நான் சொன்ன ‘நோ’வையும் சேர்த்துத்தான் எழுதினேன். பதில் வர ஒரு மாதம் ஆனது. வாடிக்கையாளர் கோப்பை மூடிவிட்டார், தவறான காரணம் சொன்னோம் என்று நாமே போய்த் திறக்க முடியாது. அந்தப் பெண் விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். இன்னொரு தடவை எழுதினேன். மூன்றாவது தடவை எழுதவில்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. இதற்கு வேறு அழகான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அவளைத் தேடிப் போகவே எனக்கு நாளானது. தண்டலத்தில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள் என்று லைனில் ஒரு பெண் சொன்னாள். பகல் நேரம். மாணவர்கள் நோட்டுகளோடு முண்டிக்கொண்டு நின்றார்கள். கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும், “வாங்க சார்,” என்றாள், இயந்திரத்திலிருந்து கையை எடுக்காமல்.

நடந்ததைச் சொன்னேன். சரிசெய்த அறிக்கையை எடுத்துப் போயிருந்தேன், அதை நீட்டினேன். காலியாக இருந்த கட்டம் எல்லாவற்றிலும் இப்போது என்.ஏ. இருந்தது. அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வரை பார்த்துக்கொண்டு போனாள். மேஜையில் பாகங்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

“புதுசா அப்ளை பண்ணலாம்னு சொல்றாங்கம்மா,” என்றேன்.

“புதுசாவா?” என்றாள். “எங்க சார் பண்றது? ரெண்டு கம்பெனில கேட்டுட்டேன். பழைய எடத்துல ஏன் நின்னுட்டன்னு கேக்கறாங்க. இன்னான்னு சொல்ல?”

ஒரு மாணவி வந்து இரண்டு காப்பி கேட்டாள். அமலா எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“ஒன்னு கேக்கட்டுமா சார்? அன்னிக்கி ரூம்ல நா இல்ல சார்னு சொன்னேன் இல்ல, அவரு உடனே எழுதிக்கினாரு. நீங்க அவராண்ட இன்னா சொன்னீங்க?”

வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

“நோ-ன்னு சொன்னேன்மா.”

கோபமோ அழுகையோ வரும் என்று நின்றேன். எதுவும் வரவில்லை. தாளை நாலாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“கரெக்டா தான் சொல்லிருக்கீங்க,” என்றாள்.